வெராக்ரூஸ் மாநிலத்தில் எது பெரிய ஊர்?

மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி, வடக்கு தெற்காக நீண்டு மெலிந்து கிடக்கும் மாநிலம் வெராக்ரூஸ். கடற்கரை மட்டும் 700 கிலோமீட்டருக்கு மேல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 80,62,579 பேர். அந்த ஆண்டில் மெக்சிகோவின் மாநிலங்களில் நான்காவது இடம். இங்கே பெரிய நகரம் எது என்று கேட்டால், மாநிலத்தின் பெயரையே வைத்திருக்கும் துறைமுக நகரம்தான் என்று யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே 2020 கணக்கெடுப்பின் ஓர் அட்டவணையில் வெராக்ரூஸ் முதலிடத்தில் இருக்கிறது, இன்னோர் அட்டவணையில் மலைமேல் இருக்கும் தலைநகர் ஹலாபா முதலிடத்தில் இருக்கிறது. இரண்டையும் வெளியிட்டது ஒரே நிறுவனம். இரண்டிலுமே எண்ணியதில் தவறில்லை.

எப்படி என்று பார்க்க வேண்டுமானால், மெக்சிகோவில் தலைகளை எந்தெந்தப் பெட்டியில் போட்டு எண்ணுகிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். இனெஹி என்ற தேசியப் புள்ளியியல் நிறுவனம் மூன்று அளவில் எண்களைத் தருகிறது. ஒன்று முனிசிபியோ. மாநிலம் முழுக்க 212 முனிசிபியோக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு தலைமையூர், அதைச் சுற்றிய சிற்றூர்கள், வயல், காடு, மலை எல்லாம் அடங்கும். மேயரைத் தேர்ந்தெடுப்பதும் இந்த அளவில்தான். இரண்டாவது, அதற்குள் இருக்கும் தனித்தனி ஊர்கள். ஒரு பெயரால் அறியப்படும் வீடுகளின் கூட்டம் ஒரு ஊர். பத்து வீடானாலும் சரி, ஒரு லட்சம் வீடானாலும் சரி. மூன்றாவது, பல முனிசிபியோக்களைச் சேர்த்துக் கணக்கிடும் பெருநகரப் பகுதி. இதன் எல்லையை இனெஹியும் வேறு சில மத்திய அரசு அமைப்புகளும் சேர்ந்து வரையறுக்கின்றன, அவ்வப்போது மாற்றவும் செய்கின்றன.

இப்போது எண்களுக்கு வருவோம். முனிசிபியோ அளவில் 2020இல் வெராக்ரூஸ் 6,07,209, ஹலாபா 4,88,531. ஊர் அளவில் ஹலாபா 4,43,063, வெராக்ரூஸ் 4,05,952. பெருநகர அளவில் மறுபடியும் வெராக்ரூஸ்தான்: 9,39,046க்கு எதிராக ஹலாபா 7,89,157.

ஊர் அளவில் 2010இல்கூட வெராக்ரூஸ் ஒரு மயிரிழையில் முன்னால் இருந்தது: 4,28,323க்கு 4,24,755. பத்தே ஆண்டில் ஹலாபா முந்திவிட்டது, துறைமுக நகரம் 22 ஆயிரம் பேரை இழந்துவிட்டது என்று இதை வைத்துத் தலைப்பு போடலாம். போடவும் செய்கிறார்கள். அந்தத் தலைப்பில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதியைப் பிடிக்க, துறைமுக நகரத்தின் தெற்குப் பக்கம் போக வேண்டும். கடலோரமாக நீளும் மனுவேல் ஆவிலா கமாச்சோ சாலையில் தெற்கே போனால், ஓரிடத்தில் வெராக்ரூஸ் முனிசிபியோ முடிந்து போக்கா தெல் ரியோ முனிசிபியோ தொடங்கும். இடையில் வயல் கிடையாது, வெட்டவெளி கிடையாது. ஓட்டல்கள், அடுக்குமாடிகள், கடைகள் எல்லாம் தொடர்ந்துகொண்டே இருக்கும். மேயர் மட்டும் மாறிவிடுவார். வெராக்ரூஸின் கால்பந்து மைதானமான ‘பிராத்தா’ ஃபுவென்தே அரங்கமே கோட்டுக்கு அந்தப் பக்கம், போக்கா தெல் ரியோவில்தான் இருக்கிறது.

2010 கணக்கெடுப்பில் போக்கா தெல் ரியோ முனிசிபியோவின் மக்கள்தொகை 1,38,058. அதில் 1,26,507 பேரை இனெஹி எந்த ஊர்ப் பெயரில் எழுதியது தெரியுமா? வெராக்ரூஸ் என்றுதான். அதாவது, அந்த முனிசிபியோவில் பத்தில் ஒன்பது பேர், பக்கத்து நகரம் வழிந்து வந்த பகுதியில் வசிக்கிறவர்கள். ஆற்று முகத்துவாரத்தில் மீன் உணவுக்குப் பேர்போன பழைய போக்கா தெல் ரியோ ஊர் மிகச் சிறியது. கோட்டின் இரு பக்கமும் இருக்கும் ‘வெராக்ரூஸ்’ இரண்டையும் கூட்டினால் 2010இல் 5,54,830 வரும். ஹலாபாவின் 4,24,755 கிட்டவே வராது. ஓர் ஊர் இரண்டு முனிசிபியோக்களில் பரவியிருந்தால் ஊர்ப் பட்டியலில் அதை முனிசிபியோவுக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதுவதால் ஒரே நகரம் இரண்டு துண்டாகிறது. பெரிய துண்டை மட்டும் எடுத்து ஹலாபாவோடு ஒப்பிடும்போதுதான் தலைநகர் முதலிடம் பெறுகிறது.

சரி, அந்த 22 ஆயிரம் பேர் எங்கே போனார்கள்? ஊர் அளவில் வெராக்ரூஸ் குறைந்த அதே பத்தாண்டில், முனிசிபியோ அளவில் அது 5,52,156இலிருந்து 6,07,209 ஆக வளர்ந்திருக்கிறது. கழித்துப் பார்த்தால் புரியும். முனிசிபியோவுக்குள்ளேயே, ஆனால் முக்கிய நகரத்துக்கு வெளியே இருந்தவர்கள் 2010இல் 1,23,833 பேர்; 2020இல் 2,01,257 பேர். பழைய நகரம் மெலிகிறது, ஓரம் தடிக்கிறது. வாலென்தே தியாஸ் போன்ற ஓரத்து ஊர்கள் தனித்தனிப் பெயரில் எண்ணப்படுவதால் நகரத்தின் கணக்கில் சேர்வதில்லை.

இதற்குப் பின்னால் மெக்சிகோ முழுக்க நடந்த ஒரு கதை இருக்கிறது. இன்ஃபோனாவிட் என்பது சம்பளத்தில் பிடித்தம் செய்து தொழிலாளர்களுக்கு வீட்டுக்கடன் தரும் தேசிய நிதியம், 1972இல் தொடங்கியது. 2000க்குப் பிறகு அதன் கடனை நம்பிப் பெரிய கட்டுமான நிறுவனங்கள் நகரத்துக்கு வெளியே மலிவான நிலத்தை வாங்கி, ஒரே அச்சில் வார்த்த சின்னச் சின்ன வீடுகளை ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளின. வீடு வந்தது, பேருந்தும் பள்ளிக்கூடமும் வேலையும் பின்னாலேயே வரவில்லை. பல இடங்களில் வாங்கியவர்களே வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். 2013, 2014 வாக்கில் அந்தப் பெரிய நிறுவனங்களில் சில நொடித்தும் போயின. ஆனால் குடியேறித் தங்கியவர்கள் தங்கினார்கள், அவர்களைத்தான் 2020 கணக்கெடுப்பு ஓரங்களில் எண்ணியது.

இதன் உச்சம் மெதெயின். கொலம்பிய நகரம் இல்லை, வெராக்ரூஸுக்குத் தெற்கே இருக்கும் முனிசிபியோ. 2010இல் 59,126 பேர் இருந்த இடத்தில் 2020இல் 95,202 பேர். பத்தாண்டில் அறுபது சதவீத வளர்ச்சி. இவர்களில் பெரும்பங்கு புவென்தே மொரேனோ என்ற புதுக் குடியிருப்புப் பக்கம். மெதெயினின் தலைமையூரைவிட அது பல மடங்கு பெரியது. அங்கே இருக்கும் ஒருவர் காலையில் வேலைக்குப் போவது வெராக்ரூஸுக்கோ போக்கா தெல் ரியோவுக்கோ, தூங்குவது மெதெயினில். கணக்கெடுப்பு, தூங்கும் இடத்தில்தான் தலையை எண்ணும்.

அப்படியானால் பெருநகரக் கணக்குத்தான் நியாயமானது, அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஒரு எச்சரிக்கையோடு. 2010இல் வெராக்ரூஸ் பெருநகரத்தின் மக்கள்தொகை 8,11,671, 2020இல் 9,39,046. வித்தியாசம் 1,27,375. ஆனால் 2010 வரையறையில் ஐந்து முனிசிபியோக்கள். பின்னால் மன்லியோ ஃபாபியோ அல்தமிரானோவையும் சேர்த்து ஆறாக்கினார்கள். அந்த ஒன்றில் மட்டும் 23,918 பேர். பழைய ஐந்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 2020இல் 9,15,128 வரும். உண்மையான வளர்ச்சி 1,03,457தான். அதில் பாதிக்கு மேல் வெராக்ரூஸ் முனிசிபியோவின் ஓரங்களில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மெதெயினில். போக்கா தெல் ரியோவில் வெறும் 6,492. கடற்கரைப் பக்கம் நிலம் விலை ஏறி, இடமும் தீர்ந்துவிட்ட முனிசிபியோவில் வேறென்ன எதிர்பார்ப்பது.

பட்டியலில் ஏமாற்றும் ஊர்கள்

துறைமுகத்துக்கும் தலைநகருக்கும் இடையிலான போட்டியைவிட, பட்டியலின் நடுப்பகுதியில் குழப்பம் இன்னும் அதிகம். 2010 முனிசிபியோ பட்டியலில் பாபான்ட்லா 1,58,599 பேரோடு நல்ல இடத்தில் நிற்கிறது. ஒரிசாபா 1,20,995 பேரோடு முதல் பத்தில்கூட வரவில்லை. இதைப் பார்த்து பாபான்ட்லா பெரிய நகரம், ஒரிசாபா அதைவிடச் சிறியது என்று எழுதினால், இரண்டு ஊரையும் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

பாபான்ட்லா தொதொனாக் மக்களின் பகுதி. வனிலாவுக்கும், எல் தஹின் என்ற பழங்காலப் பிரமிடு நகரத்துக்கும், உயரமான கம்பத்திலிருந்து கயிற்றைக் கட்டிக்கொண்டு தலைகீழாகச் சுழன்று இறங்கும் வொலதோரஸ் சடங்குக்கும் பெயர் பெற்றது. அதன் முனிசிபியோ பரந்து விரிந்தது, நூற்றுக்கணக்கான சிற்றூர்களைக் கொண்டது. பாபான்ட்லா நகரத்தில் மட்டும் 2010இல் இருந்தவர்கள் 53,546 பேர். மூன்றில் இரண்டு பங்குப் பேர் கிராமங்களில். புகையிலைக்குப் பேர்போன சான் ஆண்ட்ரேஸ் துக்ஸ்ட்லாவும் இதே மாதிரிதான்: முனிசிபியோவில் 1,57,364, நகரத்தில் 61,769.

ஒரிசாபா இதற்கு நேர் எதிர். மொத்த முனிசிபியோவுமே 28 சதுர கிலோமீட்டர் அளவுதான், அதை நகரம் முழுசாக நிரப்பிவிட்டது. முனிசிபியோவின் 1,20,995 பேரில் 1,20,844 பேர் நகரத்துக்குள்ளேயே. மாநிலத்தின் தென்கோடியில் லாஸ் சோவாபாஸ் என்ற முனிசிபியோ 2,800 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது, மக்கள் 80 ஆயிரத்தை ஒட்டித்தான். இப்படிப்பட்ட இரண்டு பெட்டிகளை ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதி ‘நகரங்களின் மக்கள்தொகை’ என்று தலைப்பு வைப்பதில்தான் கோளாறு.

ஒரிசாபா வளரவில்லை என்றும் நினைக்கக் கூடாது, அது வேலியைத் தாண்டி வளர்ந்தது. மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு அது. ஓடும் ஆறுகளை நம்பி 19ஆம் நூற்றாண்டில் பஞ்சாலைகள் வந்தன, 1873இல் மெக்சிகோ நகரத்தையும் வெராக்ரூஸையும் இணைத்த ரயில்பாதை ஊர் வழியாகவே போனது, பிறகு பீர் ஆலையும் வந்தது. ஆலைகள் எல்லாம் ஒரே ஊருக்குள் இல்லை. ரியோ பிளாங்கோ ஆலை அந்தப் பெயரிலேயே உள்ள பக்கத்து ஊரில். 1907 ஜனவரி 7 அன்று அங்கே நடந்த தொழிலாளர் எழுச்சியைப் படையை ஏவி நசுக்கியது போர்ஃபிரியோ தியாஸ் அரசு. மெக்சிகப் புரட்சிக்கு முந்தைய வரலாற்றில் அதற்கு ஒரு பெரிய இடம் உண்டு. ரியோ பிளாங்கோ, நொகாலெஸ், மெந்தோசா என்று சாலையோரமாகக் கோத்தாற்போல் ஊர்கள், ஒவ்வொன்றும் தனி முனிசிபியோ. எல்லாவற்றையும் சேர்த்தால் 2010இல் ஒரிசாபா பெருநகரம் 4,27,406. பட்டியலில் பத்துக்கு வெளியே இருந்த ஊர் நான்காவது இடத்துக்கு வந்துவிடும்.

அந்த நான்குக்குள் மூன்றாவதாக இருப்பது போசா ரீக்கா: 5,13,518. இந்த எண்ணிலும் ஒரு வேடிக்கை உண்டு. நகரம் சின்னதாக, நெருக்கமாக, 1,85,242 பேரோடு இருக்கிறது. பெருநகர எண்ணை இப்படிப் பெருக்கிக் காட்டுவது, அதோடு சேர்க்கப்பட்ட பாபான்ட்லா முனிசிபியோதான். மேலே சொன்ன அத்தனை வனிலாத் தோட்டக் கிராமங்களும் இங்கே ‘பெருநகரவாசிகள்’ ஆகிவிடுகின்றன. முனிசிபியோவைத் துண்டு போடாமல் முழுசாகச் சேர்க்கும் முறையின் விலை இது. பெருநகரக் கணக்கு ஒரிசாபாவுக்கு நியாயம் செய்கிறது, போசா ரீக்காவைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்குகிறது.

மாநிலத்தின் வடகோடியில் இன்னொன்று. பானுக்கோ, புவெப்லோ வியெஹோ ஆகிய இரு முனிசிபியோக்களும் வெராக்ரூஸ் மாநிலத்தைச் சேர்ந்தவை, ஆனால் பெருநகரக் கணக்கில் ஆற்றுக்கு அக்கரையில், தமௌலிபாஸ் மாநிலத்தில் இருக்கும் தம்பிக்கோவோடு சேர்கின்றன. அங்குள்ளவர்களுக்கு வெராக்ரூஸ் துறைமுகமும் ஹலாபாவும் தொலைதூரம். பாலத்தைத் தாண்டினால் தம்பிக்கோ.

எண்ணெய் ஊர்கள் ஏன் தேய்கின்றன

போசா ரீக்கா 1951இல்தான் தனி முனிசிபியோ ஆனது. அதற்கு முன் கோவாட்சின்ட்லாவின் ஒரு பகுதி. எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றி முளைத்த ஊர், 1938இல் மெக்சிகோ எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியபோது நாட்டின் முக்கிய எண்ணெய் வயல் அதுவே. கிணறுகள் வயதாக வயதாக ஊரும் தளர்ந்தது. 2010இல் முனிசிபியோவில் 1,93,311 பேர், 2020இல் 1,89,457.

தெற்கே இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மினாடிட்லானின் சுத்திகரிப்பு ஆலை 1908இலிருந்து இருக்கிறது. கோவாட்சகோவால்கோஸைச் சுற்றி பஹாரிதோஸ், காங்க்ரெஹெரா, மொரேலோஸ் என்று பெட்ரோ ரசாயன வளாகங்கள். எண்ணெய்ப் பெருக்கக் காலத்தில் மாநிலத்தின் மற்ற பகுதிகளிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி இங்கே வந்து குவிந்தார்கள். 2014 நடுவில் எண்ணெய் விலை சரிந்தது. அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ் செலவைக் குறைத்தது, ஒப்பந்தக்காரர்களுக்குப் பாக்கி நின்றது, ஆட்குறைப்பு வந்தது. கூடவே ஆள்கடத்தலும் மாமூல் வசூலும் பெருகிக் கடைக்காரர்களையும் மருத்துவர்களையும் துரத்தின. 2016 ஏப்ரலில் பஹாரிதோஸ் வளாகத்து ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

எண்களில் இது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கோவாட்சகோவால்கோஸ் முனிசிபியோ 2010இல் 3,05,260. 2015இல் நடந்த இடைக்கால மாதிரிக் கணக்கெடுப்பில் 3,19,187. 2020இல் 3,10,698. மினாடிட்லான் 1,57,840இலிருந்து 1,44,776க்கு இறங்கிவிட்டது. கோவாட்சகோவால்கோஸில் 2010ஐயும் 2020ஐயும் மட்டும் ஒப்பிட்டால் ஏதோ ஐயாயிரம் பேர் கூடியதாகத் தெரியும். நடுவில் ஏறி இறங்கிய கதை மறைந்துவிடும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே ஆண்டுதோறும் இறப்பைவிடப் பிறப்பு அதிகம். ஆகவே ஓர் ஊரின் எண்ணிக்கை அசையாமல் நின்றால்கூட, பிறந்து கூடிய அளவுக்கு ஆட்கள் வெளியேறியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெளியேறுவது இவர்களுக்குப் புதிதும் இல்லை. 1990களிலேயே காபியும் கரும்பும் விலை விழுந்தபோது வெராக்ரூஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாக வடக்கு எல்லைக்குப் போனார்கள். சியுதாத் ஹுவாரெஸின் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் அவர்கள் அத்தனை பேர் சேர்ந்ததால், அங்கே ‘ஹுவாரோச்சோ’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. துறைமுகத்துக்காரர்களை ஹரோச்சோ என்பார்கள், அதையும் ஹுவாரெஸையும் ஒட்டிப் போட்டது. 2010இல் மக்கள்தொகையில் நாட்டிலேயே மூன்றாவதாக இருந்த மாநிலம் 2020இல் ஹலிஸ்கோவுக்கு அந்த இடத்தை விட்டுக் கொடுத்ததில் இப்படி வெளியேறியவர்களுக்கும் பங்குண்டு.

ஒரே ஒரு தலை இல்லாத மாநிலம்

பக்கத்தில் வேறு மாநிலங்களை வைத்துப் பார்த்தால் வெராக்ரூஸின் தனித்தன்மை தெரியும். நுவெவோ லெயோனில் பத்தில் ஒன்பது பேர் மொன்தெர்ரேய் பெருநகரத்தில். கரீபியக் கரையில் இருக்கும் கின்தானா ரோவில் 2020இல் 18,57,985 பேர். கான்கூன் இருக்கும் முனிசிபியோவில் மட்டும் 9,11,503, கிட்டத்தட்டப் பாதி. வெராக்ரூஸிலோ மிகப் பெரிய பெருநகரமே மாநிலத்தின் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே. அது போக, 2010 கணக்கில் பத்தில் நான்கு பேர் 2,500க்கும் குறைவானவர்கள் வாழும் ஊர்களில் இருந்தார்கள். தேசிய சராசரியில் அது நாலில் ஒருவருக்கும் குறைவு.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. துறைமுகம் 1519இலிருந்து நாட்டின் வாசல், ஆனால் யாரும் தங்க விரும்பாத வாசல். மஞ்சள் காய்ச்சல் புதிதாக வந்திறங்கியவர்களை வாரிக்கொண்டு போகும். சரக்கை இறக்கியதும் வணிகர்கள் மலையேறி ஓடினார்கள். 1720இல் தொடங்கி 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஸ்பெயினிலிருந்து வந்த கப்பல் சரக்குக்கான சந்தை துறைமுகத்தில் கூடவில்லை, சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹலாபாவில் கூடியது. மூடுபனியும் பொடித்தூறலுமான ஊர். ஹலபேன்யோ மிளகாய்க்குப் பெயர் தந்ததும் அதுவே. ஆட்சியும் மலையில்தான் நிலைத்தது. ஒரிசாபா சில காலம் தலைநகராக இருந்தது, 1885இல் அது ஹலாபாவுக்கு மாறியது. 1944இல் மாநிலப் பல்கலைக்கழகமும் அங்கேயே தொடங்கியது. ஆக, கடல் வணிகம் ஓரிடம், கோப்பும் கல்வியும் வேறிடம், ஆலை இன்னோரிடம், எண்ணெய் இரண்டு கோடிகளில். ஒன்று வளர்ந்ததால் இன்னொன்று அதற்குள் அடங்க வேண்டிய அவசியமே வரவில்லை.

ஒரிசாபாவும் கோர்தொபாவும் இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளித் தள்ளி இருக்கின்றன. தனித்தனிப் பெருநகரங்களாகத்தான் எண்ணுகிறார்கள். 2010 எண்களைக் கூட்டினால் 7,43,438. கோவாட்சகோவால்கோஸும் மினாடிட்லானும் அப்படியே, கூட்டினால் 7,03,394. அந்த ஆண்டு வெராக்ரூஸ் பெருநகரம் 8,11,671. கோட்டைக் கொஞ்சம் தாராளமாக வரைந்தால், முதலிடத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும் இரண்டு பெருநகரங்கள் புதிதாகக் கிடைத்துவிடும்.

இதெல்லாம் வெறும் தரவரிசை விளையாட்டா என்றால், இல்லை. மெக்சிகோவில் முனிசிபியோக்களுக்கு மத்திய அரசு தரும் நிதிகளில் முக்கியமான ஒன்று, இனெஹியின் மக்கள்தொகை எண்ணை வைத்தே பங்கிடப்படுகிறது. புவென்தே மொரேனோவில் தூங்குகிறவருக்கான பணம் மெதெயினுக்குப் போகும். அவர் பகல் முழுக்க நடக்கும் தெருவையும் அதன் விளக்கையும் பராமரிப்பது வெராக்ரூஸ் அல்லது போக்கா தெல் ரியோ. மெதெயின் பக்கம் பார்த்தால், பத்தாண்டில் 36 ஆயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் குடிநீர், குப்பை, காவல் என்று எல்லாவற்றையும் செய்ய வேண்டியது, முக்கால்வாசி கிராமமாக இருந்த ஒரு முனிசிபியோவுக்காக அமைந்த நிர்வாகம். கடனில் கட்டிய வீடு எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்பதை முடிவு செய்தது கட்டுமான நிறுவனத்துக்கு நிலம் எங்கே மலிவாகக் கிடைத்தது என்பதுதான்.